சரியான கட்டளை... தவறான விலாசம்!

கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையின் போட்டோ. கீழே ஒரு வரி: 'விலையை மட்டும் மாமாகிட்ட சொல்லிடாதீங்க!' அக்கா, தங்கைகள் மட்டும் இருக்கும் குரூப்புக்குப் போக வேண்டிய அந்த மெசேஜ், மாமாவும் இருக்கும் குடும்ப குரூப்புக்குப் போய்விடுகிறது. அடுத்த நொடி வயிற்றில் ஒரு குளிர். அவசர அவசரமாக 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்'.

ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும். யோசித்துப் பார்த்தால், அந்த மெசேஜில் எந்தத் தப்பும் இல்லை. எழுத்துப் பிழைகூட இல்லை. போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு.

இதே சறுக்கல் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினீயரின் கறுப்புத் திரையில் நடந்தால்? அதுவும், அனுப்பிய மெசேஜே 'அழித்துவிடு' என்பதாக இருந்தால்?

அங்கே 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கிடையாது. ஏனென்றால், அவர் ஏற்கெனவே எல்லோருக்கும் டெலீட் செய்துவிட்டார்!

பெட்டி செய்த புரட்சி

இந்தச் சறுக்கலைப் புரிந்துகொள்ள, முதலில் துறைமுகத்துக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் கப்பலில் சரக்கு ஏற்றுவது என்றால் மூட்டை மூட்டையாக, பீப்பாய் பீப்பாயாக ஆட்கள் சுமந்து ஏற்ற வேண்டும். நாள்கணக்கில் கப்பல் கரையிலேயே நிற்கும். லாரி கம்பெனி நடத்திய மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர் இதற்கு ஒரு வழி கண்டார். சரக்கை ஒரு பெரிய பெட்டியில் போட்டு மூடி, பெட்டியோடு லாரியில் ஏற்றி, பெட்டியோடு கப்பலுக்கு மாற்றுவது. 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நியூயார்க் அருகே உள்ள நுவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. இன்று நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் இழுத்துப் போகும் கன்டெய்னர்களின் கதை அங்கேதான் சூடுபிடித்தது.

சாஃப்ட்வேர் உலகத்திலும் இதே தலைவலி இருந்தது. எழுதியவரின் கம்ப்யூட்டரில் ஜம்மென்று ஓடும் புரோகிராம், வேறு கம்ப்யூட்டருக்குப் போனதும் படுத்துவிடும். 'என் மெஷின்ல ஓடுதே!' என்பது அந்தத் துறையின் நிரந்தரப் புலம்பல். புரோகிராமையும், அது ஓடத் தேவையான அத்தனை உதிரிகளையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட்டால்? எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி ஓடும் அல்லவா? 2013-ல் வெளிவந்த 'டாக்கர்' என்ற கருவி இந்த யோசனையைப் பரவலாக்கியது. பெயரிலேயே துறைமுக வாசனை. அந்த மென்பொருள் பெட்டிக்கும் பெயர் கன்டெய்னர்தான்.

பெட்டிகள் பெருகினால் யார் மேய்ப்பது? ஒரு பெட்டி செத்தால் இன்னொன்றைக் கிளப்ப வேண்டும். கூட்டம் அதிகமானால் பத்தை நூறாக்க வேண்டும். இந்த வேலைக்காக கூகுள் 2014-ல் வெளியிட்ட இலவச மென்பொருள் 'குபெர்னெட்டிஸ்'. கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். தமிழில் அழகாக ஒரு சொல் உண்டு: மீகாமன். அதனால்தான் குபெர்னெட்டிஸின் சின்னமே கப்பலின் சுக்கான் சக்கரம். மீகாமனின் பொறுப்பில் சேர்ந்து உழைக்கும் கம்ப்யூட்டர் கூட்டத்துக்கு 'க்ளஸ்டர்' என்று பெயர்.

ஒரே நாடகம், மூன்று மேடை

ஒரு கம்பெனியில் இப்படிப்பட்ட க்ளஸ்டர் ஒன்றே ஒன்று இருந்தால் குழப்பமே இல்லை. ஆனால், அப்படி இருப்பது அபூர்வம்.

நாடகக் குழுவை நினைத்துக்கொண்டால் போதும். முதலில் மொட்டை மாடியில் வசனம் பேசிப் பார்ப்பார்கள். அடுத்து, வேஷம் கட்டி முழு ஒத்திகை. கடைசியில்தான் டிக்கெட் வாங்கிய ஜனங்களுக்கு முன்னால் நிஜ மேடை. சாஃப்ட்வேரிலும் அதேதான். எழுதிப் பார்க்க ஓர் இடம், அதற்குப் பெயர் டெவலப்மென்ட். முழு ஒத்திகைக்கு ஓர் இடம், ஸ்டேஜிங். மக்கள் நிஜமாகப் பயன்படுத்தும் இடம், புரொடக்‌ஷன். பெரிய கம்பெனி என்றால் நாட்டுக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று என்று எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும்.

ஒத்திகை இடத்தில் எதையும் உடைக்கலாம், அழிக்கலாம். அதற்காகத்தானே அது இருக்கிறது? நிஜ மேடையில் ஒரு திரைச்சீலை அறுந்து விழுந்தாலும் சபை முழுக்கப் பார்க்கும்.

சிக்கல் எங்கே என்றால், மூன்று மேடைக்கும் கட்டளைகள் ஒன்றே. இன்ஜினீயர் 'டெர்மினல்' எனப்படும் கறுப்பு விண்டோவைத் திறந்து, 'கியூப்சிடிஎல்' என்ற கருவியின் பெயரைத் தட்டி, பக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறார். எதைக் காட்டு, எதைக் கூட்டு, எதை அழி என்பது மட்டும்தான் அந்த வரியில் இருக்கும். எந்த ஊரில் என்பது பெரும்பாலும் இருக்காது. தபால் பெட்டியில் விலாசம் எழுதாமல் போட்ட கடிதம் மாதிரி.

அப்படியென்றால் கடிதம் எப்படிப் போய்ச் சேர்கிறது?

முடிவு செய்யும் ஒற்றை வரி

இன்ஜினீயரின் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ஃபைல் இருக்கிறது. புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்ட ஃபோல்டருக்குள், சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாத இடத்தில் இருக்கும். அதற்குள் மூன்று பட்டியல்கள்.

முதல் பட்டியல், இடங்கள். எந்தெந்த க்ளஸ்டர் எந்த முகவரியில் இருக்கிறது என்ற விவரம். இரண்டாவது, ஆட்கள். எந்தப் பெயரில், எந்தச் சாவியைக் காட்டி உள்ளே போவது என்ற விவரம். மூன்றாவது, ஜோடிகள். 'இந்த இடத்துக்கு இந்த ஆளாகப் போ' என்று இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, அதற்கு ஒரு பெயர் வைப்பது. அந்த ஜோடிக்கு 'கான்டெக்ஸ்ட்' என்று பெயர். ஒரே கட்டடத்தில் எந்த மாடி என்பதுபோல, க்ளஸ்டருக்குள் எந்தப் பிரிவு என்பதையும் அதில் குறித்து வைக்கலாம்.

இந்த மூன்றுக்கும் மேலாக ஒரே ஒரு வரி உண்டு: 'கரன்ட் கான்டெக்ஸ்ட்'. இப்போது எந்த ஜோடி நடப்பில் இருக்கிறது என்று சொல்லும் வரி. விலாசம் எழுதாமல் போடும் அத்தனை கட்டளைகளும் அந்த வரி காட்டும் ஊருக்குத்தான் போகும்.

இதில் இருக்கும் பொறியை ஒரு கற்பனைக் காட்சியில் பார்க்கலாம்.

மதியம் 3 மணி. ஓர் இன்ஜினீயர் இரண்டு விண்டோக்களைத் திறந்து வைத்திருக்கிறார். இடது பக்கம் ஒத்திகை க்ளஸ்டரில் ஏதோ சோதனை. திடீரென்று போன்: 'புரொடக்‌ஷன் மெதுவா இருக்கு, கொஞ்சம் பாருங்க.' வலது விண்டோவில் கான்டெக்ஸ்ட்டைப் புரொடக்‌ஷனுக்கு மாற்றிப் பார்க்கிறார். பிரச்னை தீர்கிறது. ஒரு காபி குடித்துவிட்டு வந்து, இடது விண்டோவில் பாதியில் விட்ட வேலையைத் தொடர்கிறார். சோதனைக்காக வைத்ததை எல்லாம் அழிக்கும் கட்டளையைத் தட்டுகிறார்.

இடது விண்டோவில் அவர் எதையுமே மாற்றவில்லை. ஆனால், இரண்டு விண்டோக்களும் படிப்பது ஒரே ஃபைலைத்தான். வலது பக்கம் மாற்றிய அந்த ஒற்றை வரி, இடது பக்கத்தையும் சேர்த்தே புரொடக்‌ஷனுக்குக் கொண்டுபோய்விட்டது. திரையில் எந்த அறிகுறியும் இல்லை. அதே கறுப்பு, அதே வெள்ளை எழுத்து.

டாக்கரிலும் இதே மாதிரி கான்டெக்ஸ்ட் வசதி 2019 முதல் இருக்கிறது. மேஜை மேல் இருக்கும் லேப்டாப்புக்கும், எங்கோ இருக்கும் சர்வருக்கும் ஒரே கட்டளையால் மாறி மாறிப் போகலாம். வசதி எவ்வளவோ, ஆபத்தும் அவ்வளவே.

நிஜத்தில் நடந்தவை

இதெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு நடப்பது என்று நினைத்தால், அது தப்புக்கணக்கு.

பாட்டு கேட்கும் ஆப்பான ஸ்பாட்டிஃபையில் 2018-ல் நடந்தது இது. அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா என்று மூன்று பகுதிகளுக்கும் புரொடக்‌ஷன் க்ளஸ்டர்கள் இருந்தன. ஓர் இன்ஜினீயர் சோதனை க்ளஸ்டர் ஒன்றை அழிக்க உட்கார்ந்தார். பிரவுசரில் ஒரு டேபில் சோதனை, இன்னொரு டேபில் புரொடக்‌ஷன். அவர் அழித்தது அமெரிக்காவின் புரொடக்‌ஷன் க்ளஸ்டரை! கறுப்புத் திரைகூட இல்லை, கலர் கலரான வெப் பக்கம்தான். ஆனாலும் இடம் மாறிவிட்டது. அதைத் திரும்பக் கட்டியெழுப்ப மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு, இப்படி நடக்கக் கூடாது என்று கொண்டுவந்த ஆட்டோமேஷன் கருவியைக் கையாளும்போது ஏற்பட்ட தவறில் ஆசியாவின் க்ளஸ்டரும் போனது.

ஆச்சர்யம் என்னவென்றால், பாட்டு கேட்டுக்கொண்டிருந்த யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அப்போது அந்த நிறுவனம் குபெர்னெட்டிஸுக்குப் பாதிதான் மாறியிருந்தது. பழைய சர்வர்களும் ஓடிக்கொண்டிருந்ததால் அவை சுமையைத் தாங்கிக்கொண்டன. அந்த இன்ஜினீயர் 2019-ல் பார்சிலோனாவில் நடந்த குபெர்னெட்டிஸ் மாநாட்டின் மேடையில் ஏறி, தவறுதலாக க்ளஸ்டர்களை அழித்த கதையை ஒளிக்காமல் சொன்னார். அந்த உரை இன்று பல இன்ஜினீயர்களுக்குப் பாடம்.

கிட்லேப் நிறுவனத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இன்ஜினீயர்கள் தாங்கள் எழுதும் புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் தளம் அது. 2017 ஜனவரி 31 இரவு, அதன் டேட்டாபேஸ் திணறிக்கொண்டிருந்தது. இது கன்டெய்னர் விவகாரம் இல்லை, இரண்டு டேட்டாபேஸ் சர்வர்களின் விவகாரம். ஒன்று பிரதானம், மற்றது அதன் நகல். நேரம் கடந்து உழைத்துக்கொண்டிருந்த இன்ஜினீயர் ஒருவர் நகல் சர்வரில் இருந்த ஃபோல்டரைக் காலி செய்ய நினைத்தார். கட்டளை போனதோ பிரதான சர்வருக்கு. ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் ஏறக்குறைய 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

பேக்கப் இருக்குமே என்று தேடினால், தினமும் தானாக எடுக்கப்பட வேண்டிய பேக்கப் ரொம்ப நாளாகவே எடுக்கப்படவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. அதே இன்ஜினீயர் சுமார் 6 மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்து வைத்திருந்த நகல் ஒன்று கைகொடுத்தது. அதற்குப் பிறகு சேர்ந்த புராஜெக்ட்கள் சுமார் 5,000, கமென்ட்கள் சுமார் 5,000, புதுக் கணக்குகள் சுமார் 700 காணாமல் போயின. மீட்கும் வேலையை அந்த நிறுவனம் யூடியூபில் நேரலையாகவே காட்டியது.

அந்த இரவு அவர்கள் எழுதிய 'இனி செய்ய வேண்டியவை' பட்டியலில் எளிமையான ஒரு விஷயமும் இருந்தது: டெர்மினலில் எந்தச் சர்வர் என்ற முழுப்பெயர் எப்போதும் தெரிய வேண்டும், புரொடக்‌ஷன் என்றால் சிவப்பு, ஸ்டேஜிங் என்றால் மஞ்சள். ஒரு நிறம் இல்லாததன் விலை அவ்வளவு பெரிது!

அனுபவசாலிகள் போடும் வேலி

இரண்டு சம்பவத்திலும் இருந்தவர்கள் திறமைசாலிகள். 'கவனமாக இரு' என்ற அறிவுரை அவர்களுக்குப் புதிதில்லை. கவனம் என்பது காலை 10 மணிக்கு இருக்கும், இரவு 11 மணிக்கு இருக்காது. அதனால், கவனத்தை நம்பாமல் ஏற்பாட்டை நம்புவதுதான் இந்தத் துறையின் வழி. அந்த ஏற்பாடுகள் இவை.

பெயர் வை: கிளவுட் நிறுவனங்கள் கான்டெக்ஸ்ட்டுக்குத் தானாகச் சூட்டும் பெயர்கள் ரயில் பெட்டி மாதிரி நீளமானவை. தொடக்கம் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், வால் மட்டும் மாறும். அவசரத்தில் கண் வாலைப் படிக்காது. அந்தப் பெயரை மாற்ற ஒரு கட்டளை இருக்கிறது. 'ஒத்திகை', 'நிஜம்' என்கிற அளவுக்குச் சட்டென்று வித்தியாசம் தெரியும் பெயராக மாற்றிவிடலாம்.

தனித்தனி ஃபைல்: எல்லா ஊரின் சாவியையும் ஒரே கொத்தில் கோக்க வேண்டியதில்லை. ஊருக்கு ஒரு ஃபைல் வைத்துக்கொண்டு, எந்த விண்டோவில் எந்த ஃபைல் என்று 'கியூப்கான்ஃபிக்' என்ற அமைப்பின் மூலம் சொல்லிவிடலாம். அந்த அமைப்பு அந்த விண்டோவோடு நின்றுவிடும். வலது கை செய்வது இடது கையைப் பாதிக்காது.

விலாசத்தோடு எழுது: அழிப்பது, மாற்றுவது போன்ற கட்டளைகளில் கான்டெக்ஸ்ட்டின் பெயரையும் அதே வரியில் சேர்த்து எழுத முடியும். எழுதிவிட்டால் நடப்பில் எது இருந்தாலும் கவலை இல்லை. நாலு சொல் கூடுதல்தான். ஆனால், அந்த நாலு சொல்லைத் தட்டும்போதே 'எங்கே போகிறோம்' என்று மூளை ஒருமுறை கேட்டுவிடும்.

திரையே சொல்லட்டும்: கட்டளை எழுதும் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் நடப்பு ஊரின் பெயரைக் காட்டும் இலவசக் கருவிகள் உண்டு. புரொடக்‌ஷன் என்றால் சிவப்பு. பேருந்தின் நெற்றியில் ஊர்ப் பெயர் இருப்பதுபோல. ஏறிய பிறகு கண்டக்டரிடம் கேட்பதைவிட, ஏறும் முன் படிப்பது மேல்.

கையில் சாவி வேண்டாம்: எல்லாவற்றிலும் பெரிய வேலி இதுதான். அன்றாட வேலைக்கு புரொடக்‌ஷனைப் பார்க்க மட்டும் அனுமதி, அழிக்க அனுமதி இல்லை. அழிக்க வேண்டிய நாளில் தனியாக அனுமதி வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். அப்போது ஊர் மாறிப் போனாலும், 'உங்களுக்கு உரிமை இல்லை' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். வேலை போகாது, தூக்கமும் போகாது.

இன்னொன்றும் உண்டு. இந்த ஃபைலில் இருப்பது விலாசம் மட்டுமல்ல, வீட்டுச் சாவியும்கூட. அதை மெயிலில் அனுப்புவது, எல்லோரும் பார்க்கும் இடத்தில் போட்டு வைப்பது எல்லாம் சாவியை வாசல்படியில் வைப்பதற்குச் சமம். முன்பின் தெரியாதவர் கொடுத்த இந்த வகை ஃபைலைப் பயன்படுத்துவதும் ஆபத்து. அதற்குள் கெட்ட புரோகிராமை ஓடவைக்கும் வரிகளை ஒளித்து வைக்க முடியும் என்று குபெர்னெட்டிஸின் கையேடே எச்சரிக்கிறது.

விரல் நீட்டிச் சொல்வது

ஜப்பானில் ரயில் ஓட்டுநர்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி விநோதமாக இருக்கும். வெள்ளைக் கையுறை போட்ட விரலை சிக்னலை நோக்கி நீட்டி, அதன் நிலையைச் சத்தமாகச் சொல்வார்கள். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதுதான். நியூயார்க் சுரங்க ரயிலிலும் 1996 முதல் இந்தப் பழக்கம் இருக்கிறது. பிளாட்ஃபார்மின் நடுவில் தொங்கும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பலகையை நோக்கி கண்டக்டர் விரல் நீட்டிய பிறகுதான் கதவு திறக்கும். ரயில் சரியான இடத்தில் நின்றிருக்கிறது என்பதற்கு அந்த விரல்தான் உறுதி.

கண் பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு. கையும் வாயும் சேர்ந்தால் கண் ஏமாற்றுவது குறைகிறது.

இன்று பெட்டிக்கடைக்குப் பத்து ரூபாய் அனுப்பும் எல்லோருடைய போனிலும் இதே வேலி இருக்கிறது. யுபிஐ-யில் ரகசிய எண் போடும் முன், பணம் யாருக்குப் போகிறது என்று பெயர் தெரிகிறதே, அதுதான் கரன்ட் கான்டெக்ஸ்ட். தொகையை இரண்டு முறை சரிபார்ப்பவர்கள்கூட அந்தப் பெயரைப் படிக்காமல் தாண்டிவிடுவது உண்டு. தொகை சரியாக இருந்தும் ஆள் மாறினால் என்ன பயன்?

வீட்டில் இருந்து வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ராத்திரி வேளையில் இப்படி ஒரு காட்சி நடக்கலாம். மகள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். திரையின் ஓரத்தில் சிவப்பாக ஒரு சொல். அதை விரலால் தொட்டு, உதடு அசைத்து ஏதோ முணுமுணுக்கிறாள். தண்ணீர்ச் செம்போடு வரும் அம்மா கேட்கிறாள்.

"என்னடி, தனியா பேசிக்கிற?"

"எந்த ஊர்ல நிக்கிறேன்னு பார்த்துக்கிறேன்மா."

"வீட்லதானே இருக்க?"

மகள் சிரிக்கிறாள். சிவப்புச் சொல்லை இன்னொரு முறை படித்துவிட்டு, தட்டிவைத்த வரியை அப்படியே அழித்துவிட்டு, லேப்டாப்பை மூடுகிறாள். அந்த வேலை காலையில் செய்யலாம். எங்கோ பாட்டு கேட்பவர்களும், டிக்கெட் எடுப்பவர்களும், பணம் அனுப்புபவர்களும் எதுவும் தெரியாமல் தங்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள். அவள் வேலை ஒழுங்காக நடந்தது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.